மூக்கு சொன்னால் சரி

மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கிறது. சளி பிடிக்க, கண்ணாடி நழுவாமல் நிற்க, அடுத்த வீட்டு விஷயத்தில் நுழைக்க என்று ஆண்டவன் ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பியிருக்கிறான். ஆனால் அந்த எசன்ஸ் கம்பெனியில் "மூக்கு வந்தாச்சா?" என்று கேட்டால் அது ஒரே ஓர் ஆளைத்தான் குறிக்கும். நாற்பத்தாறு வயது, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, தோளில் சாப்பாட்டுப் பை, முகத்தில் 'என்னிடம் வைத்துக்கொள்ளாதே' என்கிற தோரணை. நேரில் "அக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "மூக்கி." இரண்டும் அவள் காதில் விழும். இரண்டாவதுதான் அவளுக்குப் பிடிக்கும். பிடிக்காதது போல முறைப்பாள், அது வேறு விஷயம்.

கம்பெனியின் வேலை என்ன என்றால், பழம் இல்லாமல் பழ வாசனை, பால் இல்லாமல் பால் வாசனை, பூ இல்லாமல் பூ வாசனை செய்வது. பிஸ்கட்காரர்களும் மிட்டாய்க்காரர்களும் சோப்புக்காரர்களும் டின் டின்னாக வாங்கிப் போவார்கள். இருபத்திரண்டு வயதில் மூக்கி அங்கே பாட்டில் கழுவத்தான் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாவது மாதம், கலவை அறையைத் தாண்டிப் போகும்போது சும்மா இருக்காமல், "இந்த ஸ்ட்ராபெரியில வாழைப்பழம் கிடக்கு" என்று சொல்லிவிட்டாள்.

"பாட்டில் கழுவுறவ பாட்டிலைக் கழுவு" என்றார் அன்றைய கலவை மேஸ்திரி.

பத்து நாள் கழித்து இருநூறு லிட்டர் ஸ்ட்ராபெரியும் திரும்பி வந்தது, வாழைப்பழம் அடிக்கிறது என்கிற கடிதத்தோடு. முந்தின நாள் வாழைப்பழம் கலக்கிய தொட்டியை ஒரு புண்ணியவான் சரியாகக் கழுவவில்லை. மேஸ்திரிக்கு மூக்கறுந்தது, இவளுக்கு மூக்கு முளைத்தது. ஒரு முக்காலி போட்டார்கள், வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அன்றிலிருந்து இருபத்து நான்கு வருஷமாக இவள் மோந்து பார்க்காமல் ஒரு டின்கூட கேட்டைத் தாண்டியதில்லை. வாங்குகிறவர்கள் போனில் ஏதாவது சந்தேகம் கேட்டால் மேனேஜர் ஒரே வரியில் முடித்துவிடுவார். "மூக்கு சொன்னா சரி."

வீட்டிலும் அதே அதிகாரம்தான். அவள் வீட்டுக்காரர் பம்பு மெக்கானிக், பாவம், சாது. கல்யாணத்துக்கு முன்னால் நாளைக்கு ஐந்து சிகரெட் பிடித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றைப் பிடித்துவிட்டு, ஏலக்காய் மென்று, சோப்புப் போட்டுக் குளித்து, சட்டையும் மாற்றிக்கொண்டு வாசலில் கால் வைத்தால், சமையலறையிலிருந்து குரல் வரும். "எத்தனை?" ஒன்று என்று சொல்லி இரண்டு பிடித்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். போலீஸ் நாயோடு குடும்பம் நடத்துகிறேன் என்று கூட்டாளிகளிடம் புலம்பியே அந்த மனிதர் பழக்கத்தை விட்டுத் தொலைத்தார்.

அவளுக்கு ஒரு தம்பி, பதினோரு வயது இளையவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனை அவளேதான் கம்பெனிக்குள் சேர்த்துவிட்டாள். மேனேஜர் பார்சல் கட்டுகிற இடத்தில் போடலாம் என்றார். "என் தம்பி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டவா வந்தான்?" என்று சண்டை போட்டு, கலவை அறைக்கே வாங்கிக்கொடுத்தாள். கலவை அறைதான் அங்கே மரியாதையான இடம். ஆறு பேர், இரண்டு பெரிய தொட்டி, ரப்பர் பூட்ஸ், முகத்தில் மாஸ்க். தம்பி தொட்டி ஓரம் நிற்பதைப் பார்த்தால் அவளுக்குப் பெருமை தாங்காது.

அந்த இடத்தில் எந்தத் திரவத்துக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எது மணக்கிறதோ அதுதான் பெயர். "வாழைப்பழத்தைத் தூக்கிட்டு வா", "பாதாம் தீர்ந்துபோச்சு", "ரோஜாவை எவன்டா திறந்து வச்சது" என்றெல்லாம் பேச்சு நடக்கும். அப்படித்தான் டைஅசிடைல் என்கிற சாமானுக்கு வெண்ணெய் என்று பெயர் விழுந்தது. மஞ்சளாக, தண்ணீர் மாதிரி இருக்கும். கொஞ்சம் சேர்த்தால் போதும், காய்ந்த ரொட்டிகூட வெண்ணெய் தடவியது போல மணக்கும். டிரம்மின் மேல் இரண்டு படம் ஒட்டி வரும். ஒன்று நெருப்பு. இன்னொன்று, நெஞ்சுக்குள் ஏதோ வெடித்தது போல ஒரு மனித உருவம். நெருப்புக்கு எல்லாரும் மரியாதை கொடுத்தார்கள். தீப்பெட்டி, செல்போன் எல்லாம் கலவை அறைக்கு வெளியேதான். நெஞ்சு வெடித்த மனிதனை மட்டும் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வெண்ணெய்க்கு எவன் பயப்படுவான்? ஒன்றுக்கும் ஆகாதவனைத் திட்டும்போதுதானே "போடா வெண்ணெய்" என்கிறோம்!

கண்டுகொண்டது ஒரே ஒருத்தி. பரிசோதனை அறையில் வேலை பார்க்கிற லேப்காரி. ஒல்லியாக இருப்பாள், பேச்சு மட்டும் கனமாக இருக்கும்.

"இது வயித்துக்குள்ள போனா வெறும் வாசனை. சூடான தொட்டியில ஊத்தும்போது ஆவியாகி நெஞ்சுக்குள்ள போனா கதையே வேற. நுரையீரல்ல நூல் மாதிரி சின்னச் சின்னக் குழாய் இருக்கு. அது புண்ணாகி, தழும்பாகி அடைச்சுக்கும். அடைச்சா அடைச்சதுதான், திறக்காது" என்பாள்.

"மேடம், திங்கிற சாமான் மேடம் இது" என்பார்கள் கலவை அறைக்காரர்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வாதம் தேவைப்படவில்லை.

தொட்டிக்கு மேலே ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற குழாய் ஒன்று இருந்தது. சத்தம் காதைப் பிளக்கிறது என்று பாதி நாள் அதை அணைத்து வைத்திருப்பார்கள். ஆகமொத்தம் நம்பிக்கை முழுவதும் மாஸ்க்கின் மேல்தான். மாஸ்க்கின் இரண்டு பக்கமும் வட்டமாகத் திருகுகிற டப்பா இருக்கும். உள்ளே கரி. வருகிற ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். கரி நிறைந்துவிட்டால் டப்பா செத்தது, ஆவி நேரே உள்ளே வரும். மாற்றிவிட வேண்டியதுதான். எப்போது மாற்றுவது என்பதில்தான் லேப்காரிக்கும் மூக்கிக்கும் முட்டிக்கொண்டது.

"டப்பா மேல தேதி எழுதுவோம் அக்கா. இத்தனை மணி நேரம் ஓடினா மாத்திடணும், அவ்வளவுதான்" என்றாள் லேப்காரி.

"டப்பா எப்ப செத்துச்சுன்னு காலண்டருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

கலவை அறையே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு, "மூக்கு சொன்னா சரி" என்று தீர்ப்பு எழுதினார். அன்றிலிருந்து தினமும் காலை ஏழரை மணிக்கு அந்த வேடிக்கை நடந்தது. வெண்ணெய் டிரம்மின் மூடியை ஒரு சாண் திறப்பார்கள். மூக்கி ஒவ்வொரு மாஸ்க்காக மாட்டிக்கொண்டு அதன் மேல் குனிந்து மூன்று மூச்சு இழுப்பாள். வாசனை வந்தால், "செத்துப்போச்சு, தூக்கிப் போடு." வரவில்லை என்றால், "சரி." ஆறு மாஸ்க்கும் முடிந்ததும், அசல் வாசனை நினைவில் நிற்க வேண்டுமே என்று மாஸ்க் இல்லாமல் இரண்டு மூச்சு வேறு இழுப்பாள். அடிக்கிற வெயிலைத் தலையைக் கொடுத்து அளக்கிற வேலைதான். அதைச் சொன்னால் யார் கேட்டார்கள்?

லேப்காரி மட்டும் விடவில்லை. "தினமும் மோந்தா மூக்கு பழகிடும் அக்கா. ஒரு நாள் சொல்றதையே நிறுத்திடும். நிறுத்தினது உங்களுக்கே தெரியாது."

"உன் மூக்கு பழகும்மா. அது பழகுற ஜாதி. என் மூக்கு உழைக்கிற ஜாதி" என்றாள் மூக்கி. அதற்கும் ஒரு சிரிப்பு. லேப்காரி முகம் சிவந்து போனாள். அன்று மூக்கிக்குச் சோறு நன்றாக இறங்கியது.

இப்படிக் கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தவளின் தலையில் கல்லைப் போட்டவர், ஊரிலேயே யாருக்கும் தீங்கு நினைக்காத அவள் வீட்டுக்காரர்தான்.

ஒரு சனிக்கிழமை ஏதோ பழைய கூட்டாளியைப் பார்த்த சந்தோஷத்தில் மனிதர் ஒரு சிகரெட் பிடித்துவிட்டார். பயந்து நடுங்கி வீட்டுக்கு வந்தார். "எத்தனை?" வரவில்லை. "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றுதான் வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை துணிந்து இரண்டு பிடித்தார். ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வாசற்படியிலேயே உட்கார்ந்து பிடித்துப் பார்த்தார். பொண்டாட்டி பக்கத்தில் வந்து நின்று, மழை வருமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். முதல் நாள் இருந்த சந்தோஷம் அன்றைக்குச் சந்தேகமாக மாறி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பயமாகவே ஆகிவிட்டது.

"இந்தா, உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்.

"ஏன்? நல்லாத்தானே இருக்கேன்."

"நாலு நாளா சிகரெட் பிடிக்கிறேன். இன்னைக்கு மட்டும் மூணு. இப்பவும் என் சட்டை நாறுது. நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குற. என்னமோ மாதிரி இருக்கு எனக்கு."

திட்டு கிடைக்கவில்லை என்று திட்டு கேட்டு நின்ற புருஷன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மோந்தாள். ஒன்றுமில்லை. விறுவிறு என்று சமையலறைக்குப் போய் டப்பா டப்பாவாகத் திறந்தாள். காப்பித்தூள், எங்கேயோ தூரத்தில் இருப்பது போல. கிராம்பு, அதுவும் அப்படித்தான். பினாயில் கொஞ்சம் காரமாகக் குத்தியது, ஆனால் வாசனை என்று சொல்ல முடியாது. கடைசியில் நிஜ வெண்ணெயைக் கரண்டியில் எடுத்து அடுப்பில் காட்டினாள். உருகியது, புகைந்தது, கருகியது. கூடத்திலிருந்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஓடி வந்தார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கடைசியாக ஒரு டப்பாவைச் செத்தது என்று சொல்லித் தூக்கிப்போட்டது எப்போது? நினைத்து நினைத்துப் பார்த்தாள். மூன்று மாதம் இருக்கும். ஒருவேளை நான்கு. இந்தத் தடவை வந்த டப்பா நல்ல டப்பா, நீடித்து உழைக்கிறது என்று மேனேஜரிடம் சர்டிபிகேட் வேறு கொடுத்திருந்தாள். டப்பா உழைக்கவில்லை. மூக்குதான் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றிருக்கிறது. இடையில் டின் ஒன்றும் திரும்பி வராததால் அவளுக்குச் சந்தேகமே தட்டவில்லை. மூன்று மாதமாக ஆறு பேர் செத்த டப்பாவை மாட்டிக்கொண்டு கொதிக்கிற தொட்டி மேல் குனிந்து நிற்கிறார்கள். அதில் ஒருவன் தம்பி.

"நாளைக்கே சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்றேன்" என்றாள்.

சொல்லவில்லை. இங்கே அவளுக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை காலை ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள், "அக்கா, சீக்கிரம்" என்றார்கள், லேப்காரி கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மூக்கிக்கு நாக்கு எழவில்லை. இந்த மூக்கு ஒன்றுதான் அவளைப் பாட்டில் கழுவுகிற தொட்டியிலிருந்து தூக்கி முக்காலியில் உட்கார வைத்தது. இது போய்விட்டது என்று அந்த ஒல்லிப்பிச்சானின் முன்னால் சொல்வதா? வெறும் ஜலதோஷமாக இருக்கும், இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும் என்று தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டாள். ஆறு தடவை குனிந்தாள். ஆறு தடவை "சரி" என்றாள்.

வீட்டுக்குப் போய் வெந்நீரில் ஆவி பிடித்தாள். மூக்குக்குள் சொட்டு மருந்து விட்டாள். வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பிடிங்க, ஒண்ணு பிடிங்க, மூஞ்சிக்கு நேரா ஊதுங்க" என்று கெஞ்சினாள். மனிதர் கண்ணில் தண்ணீர் வரப் பிடித்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

வியாழக்கிழமை வேறு வழியில் பார்த்தாள். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வாரம் லீவு போட்டுட்டு எங்கயாவது போயிட்டு வாயேன்டா" என்றாள்.

"பிஸ்கட் கம்பெனி ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. நீ வேற! என்ன அக்கா, திடீர்னு என் மேல பாசம்?"

"அப்ப அந்த உறிஞ்சுற குழாயையாவது போட்டு வை."

"அதைப் போட்டா நீ பேசுறதே எனக்குக் கேக்காது. ஒரு வகையில நல்லதுதான்" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமல் அவனுக்கு இரண்டு மாதமாக இருந்தது. பனி, தூசி, ஒட்டடை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள். அதிகம் சொன்னது அவள்தான்.

அன்றும் ஆறு தடவை "சரி." வெள்ளிக்கிழமையும் ஆறு தடவை "சரி."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் காலி டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைக் கீழேயிருந்து பார்த்தாள். பன்னிரண்டு படிதான். ஆறாவது படியில் நின்றான். குனிந்து பூட்ஸைச் சரிசெய்வது போலப் பாவனை செய்தான். ரப்பர் பூட்ஸில் சரிசெய்ய என்ன இருக்கிறது? முதுகு ஏறி ஏறி இறங்கியது. யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மீதிப் படியை ஏறினான். முப்பத்தைந்து வயது. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழரை. முதல் மாஸ்க்கை மாட்டினாள். "செத்துப்போச்சு" என்றாள். இரண்டாவது, "செத்துப்போச்சு." ஆறும் வரிசையாகச் செத்தது. மேனேஜரைக் கூட்டி வந்தார்கள்.

"நேத்து வரைக்கும் ஆறும் உயிரோட இருந்துச்சு. ஒரே ராத்திரியில எப்படிக்கா எல்லாம் செத்துச்சு? காலரா வந்துச்சா?" என்றார் அவர். "தொட்டி சூடாயிட்டு இருக்கு. ஸ்டோர்ல டப்பாவும் இல்ல. நீங்கதான் நல்லா உழைக்குதுன்னு சொன்னீங்க, நான் வாங்கவே இல்ல. இன்னொரு தடவை மோந்து பாருங்க."

"பார்த்தாச்சு. செத்துப்போச்சு."

மேனேஜருக்கு விளையாட்டுப் புத்தி. தன் மேஜை டிராயரில் எப்போதோ போட்டு வைத்திருந்த ஒரு ஜோடி புது டப்பாவை எடுத்து வந்து, திரும்பி நின்று ஒரு மாஸ்க்கில் மாட்டினார். பிறகு புதுசையும் பழசையும் இரண்டு கையில் நீட்டினார். "எது புதுசு, சொல்லுங்க பார்ப்போம்."

இரண்டையும் மாட்டி டிரம் மேல் குனிந்தாள். இரண்டும் ஒன்றுதான். காற்று. குத்துமதிப்பாக இடது கையைக் காட்டினாள்.

"அது பழசு!" என்று கை தட்டினார் மேனேஜர். அவள் தப்பாகச் சொல்லலாம் என்கிற நினைப்பே அங்கே ஒருவருக்கும் வரவில்லை. "அக்கா இன்னைக்கு நம்மளை வச்சு விளையாடுறாங்கப்பா!" எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், இருமினான், இருமிக்கொண்டே செத்த மாஸ்க்கை எடுத்து முகத்தில் மாட்டப் போனான்.

அவள் அதைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். "எனக்கு மூக்கு போச்சுடா! எனக்கு ஒரு வாசனையும் தெரியலை. மூணு மாசமோ நாலு மாசமோ ஆச்சு."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இருபத்து நான்கு வருஷம் உழைத்துச் சேர்த்த பெயர், வேண்டாம் என்று சொன்னாலும் விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மூக்கு இருக்கிறது என்று நிரூபிக்க ஒரு ஸ்ட்ராபெரி போதுமாக இருந்தது. இல்லை என்று நிரூபிக்க என்ன செய்வது?

முக்காலியில் உட்கார்ந்து துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். "எதை வேணா கொண்டுவந்து காட்டுங்க. நான் சொல்றேன்."

ஒருவன் பாதாமைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் அசையவில்லை. "நடிப்பு" என்றான் அவன். இன்னொருவன் பூண்டு மாதிரி அடிக்கிற ஒன்றை நீட்டினான். அசையவில்லை. "மூச்சைப் பிடிச்சு வச்சிருக்காங்க" என்றான். அப்போதுதான் குண்டு முன்னால் வந்தான். குண்டு கலவை அறையிலேயே பெரிய ஆள், நல்லவன், ஒரே ஒரு குறைதான் அவனிடம். ரப்பர் பூட்ஸுக்குள் அவன் போடுகிற சாக்ஸ் திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்கும். அன்று சனிக்கிழமை. பூட்ஸை உருவினான். பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். சாக்ஸை உருவினான். மேனேஜர் வாசல் வரைக்கும் போய்விட்டார். கலவை அறையின் இத்தனை வாசனையையும் ஒரே ஆளாக அடித்துச் சாய்த்த அந்தச் சாக்ஸை, குண்டு இரண்டு விரலால் தூக்கி அவள் மூக்குக்குக் கீழே ஒரு விரல்கடை தூரத்தில் பிடித்தான்.

அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். நிதானமாக மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள்.

"என்னடா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. குண்டுவின் சாக்ஸுக்கு எதிரே நடிக்க மனிதப் பிறவியால் முடியாது, அது அங்கே எல்லாருக்கும் தெரியும். குண்டுதான் முதலில் பேசினான். "ஐயோ, அக்கா" என்றான்.

லேப்காரி ஓடி வந்து டிரம்மை மூடினாள். தொட்டிச் சூட்டை அணைத்தாள், உறிஞ்சும் குழாயைப் போட்டாள், கதவு ஜன்னல் அத்தனையும் திறந்துவிட்டாள். "யாரும் உள்ள நிக்கக் கூடாது. வெளிய வாங்க எல்லாரும்." மேனேஜர் ஆர்டர் என்று ஏதோ ஆரம்பித்தார். "சார், ஆர்டர் லேட்டா போகலாம். ஆறு பேர் நெஞ்சைப் பத்தி நமக்கு எதுவும் தெரியாது இப்போ" என்றாள். மூக்கி கண்ணைக் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டு, லேப்காரி ஏதாவது குத்திக் காட்டுவாள் என்று காத்திருந்தாள். அவளோ ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூக்கியும் கூடவே போனாள். ஊத வைக்கிறவர் குதிரைப் பந்தயத்தில் நிற்பது போல, "ஊது ஊது ஊது, விடாதே, இன்னும் இன்னும்!" என்று கத்துவார். ஐந்து பேருக்குப் பயமில்லை என்றார்கள். குண்டு ஊதியதில் மெஷினே ஆடியது. தம்பியின் முறை வந்தபோது ஒரு தடவை ஊதினான், திரும்ப ஊதச் சொன்னார்கள். ஒரு மருந்தை உள்ளே இழுக்கவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். டாக்டர் மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த வயசுக்கு வர வேண்டிய காத்துல முக்கால்வாசிகூட வரலை. மருந்துக்கும் அசையலை. ஆஸ்துமா மாதிரி வந்து போறதா இருந்தா அசைஞ்சிருக்கும்" என்றார். "இன்னும் டெஸ்ட் பண்ணணும். ஆனா போனது திரும்பும்னு நினைக்காதீங்க. இனிமே அந்த ஆவி பக்கமே போகாம இருந்தா, இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்."

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அக்காளும் தம்பியும் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு உட்கார்ந்தார்கள். அவன் காகிதங்களை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"மூக்கு போச்சுன்னு உனக்கு எப்ப தெரியும்?" என்றான்.

சனிக்கிழமை காலையில்தான் என்று சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை அவள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் உயிரே போனாலும் காட்டிக்கொடுக்க மாட்டார். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்" என்றாள்.

அவன் விரலை மடக்கினான். "புதன். வியாழன். வெள்ளி." மடக்கிய விரலையே பார்த்தான். "வெள்ளிக்கிழமை ரெண்டு தொட்டி ஊத்தினேன் அக்கா."

"தெரியும்டா."

"என் மூஞ்சிக்கு நேரா நின்னு சரின்னு சொன்ன."

"சொன்னேன். பயந்துட்டேன்டா. மூக்கு இல்லைன்னா அங்க நான் யாரு? எனக்கு என் பேரு பெருசாப் போச்சு. மூணு நாள், உன்னைவிடப் பெருசாப் போச்சு."

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் அவளைப் பார்க்காமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். "சனிக்கிழமைதான் தெரிஞ்சதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "நான் நம்பியிருப்பேன்."

"பொய் சொல்லித்தான்டா இங்க வந்து உட்கார்ந்திருக்கோம்."

பஸ் வந்து நின்றது. அவள் எழுந்து, அவன் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவன் பையை மடியோடு இழுத்துக்கொண்டான்.

"நீ இதுல போ. நான் அடுத்ததுல வரேன்."

"டேய்..."

"போ அக்கா. இப்ப என்னால உன் பக்கத்துல உட்கார முடியாது."

அவள் ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தும் உட்காராமல், அவன் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.